வீட்டு வாசலுக்கு எலக்ட்ரிக் கேட்: அளவெடுப்பதிலிருந்து பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

எலக்ட்ரிக் கேட் போடலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் தேடுவது மோட்டாரைத்தான். எத்தனை கிலோ இழுக்கும், எத்தனை ரிமோட் தருவார்கள், போனிலிருந்து திறக்குமா என்று விசாரித்து முடித்து, வாங்கியும் விடுகிறார்கள். அப்புறம்தான் கேட் பக்கம் திரும்புகிறார்கள். இந்த வரிசை தலைகீழ். அடிக்கடி மக்கர் செய்யும் கேட்டைக் கழற்றிப் பார்த்தால் மோட்டார் நன்றாகவே இருக்கும், கீல் தொங்கியிருக்கும், இல்லையென்றால் டிராக் வளைந்திருக்கும், தூண் அரை அங்குலம் சாய்ந்திருக்கும். கையால் தள்ளும்போது சண்டித்தனம் செய்கிற கேட்டை மோட்டார் திருத்தாது, அந்தக் கேட்டோடு மல்லுக்கட்டி மோட்டார்தான் சீக்கிரம் தேயும். அதனால் இந்த வழிகாட்டியில் கேட் முதலில் வரும், மோட்டார் பிறகுதான்.

முதல் வேலை: கையால் தள்ளிப் பாருங்கள்

ஏற்கனவே கேட் இருந்தால், மோட்டார் பற்றி யாரிடமும் பேசுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்றை எடுத்து, கேட்டின் ஓரத்தில் மாட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக இழுங்கள். கிளப்பும்போது எண் கொஞ்சம் கூடும், அது இயல்பு. நகர ஆரம்பித்த பிறகு எண் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் திடீரென்று ஏறினால் அங்கே சாக்பீஸால் குறி போடுங்கள். டிராக் வளைவு, தேய்ந்த பேரிங், தூணில் உரசும் சட்டம் என்று ஏதோ ஒன்று அந்த இடத்தில் இருக்கிறது.

கீலில் ஆடும் கதவு என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. கால்வாசி, பாதி, முக்கால் என்று ஒவ்வொரு நிலையிலும் நிறுத்திக் கையை எடுத்துவிடுங்கள், கதவு அங்கேயே நிற்க வேண்டும். தானாக ஒரு பக்கம் போனால் மேல் கீலும் கீழ்க் கீலும் ஒரே செங்குத்தில் இல்லை. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இதைச் சரி செய்யாமல் மோட்டார் போட்டால் திறக்க ஒரு பலம், மூட வேறொரு பலம் தேவைப்படும், தடை வந்ததா இல்லையா என்று கண்ட்ரோல் போர்டுக்கும் குழப்பமாகிவிடும்.

ஸ்லைடிங்கா, ஸ்விங்கா?

அழகைப் பார்த்து முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது, உங்கள் இடம்தான் முடிவு செய்யும்.

ஸ்லைடிங் கேட்டுக்கு மதில் ஓரமாக ஓடிப்போய் நிற்க இடம் வேண்டும். வாசல் திறப்பு 4 மீட்டர் என்றால், பக்கவாட்டில் குறைந்தது 4.5 மீட்டராவது மரம், மீட்டர் பெட்டி, படிக்கட்டு எதுவும் இல்லாமல் காலியாக இருக்க வேண்டும். அந்த இடம் இருந்தால் தாராளமாக ஸ்லைடிங் போடலாம். கார் நிறுத்தும் இடத்தை அது தின்னாது, காற்றுக்கும் அவ்வளவாக அசையாது. வீட்டுப் பக்கம் தரை மேடேறிப் போனால்கூடப் பிரச்சினை இல்லை. கேட் ஓடும் திசையிலேயே தரை சரிந்திருந்தால் மட்டும் வேண்டாம். மின்சாரம் இல்லாத நேரத்தில் மோட்டாரின் பிடியை விடுவித்ததும் கேட் தானாக உருண்டு ஓடும், அதை யாராலும் கையால் நிறுத்த முடியாது.

டிராக்கில் மண்ணும் சரளையும் வந்து விழுகிற இடமாக இருந்தால் டிராக்கே இல்லாத கேன்டிலீவர் வகையைப் பாருங்கள். கேட் தரையைத் தொடாமல், பக்கத்தில் உள்ள ரோலர்களின் மேல் தாங்கி ஓடும். அருமையான அமைப்புதான், ஆனால் எதிரெடைக்காகத் திறப்பின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கூடுதலாகக் கேட் நீள வேண்டும், கீழே அடித்தளமும் கனமாக வேண்டும்.

ஸ்விங் கேட்டுக்குப் பக்கவாட்டு இடம் தேவையில்லை. கதவு சுழலும் வட்டத்துக்குள் எதுவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். உள்ளே மேடாக இருந்தால் கதவின் அடி தரையில் இடிக்கும், அதை முன்கூட்டியே பாருங்கள். பலர் மறந்துவிடும் இன்னொரு விஷயம் காற்று. 2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் உள்ள ஒரு கதவைத் தகடு போட்டு முழுவதும் அடைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக அடித்தால் அந்தக் கதவின் மேல் கிட்டத்தட்ட 50 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை விழும். மோட்டார் கை அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி, தடை வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிவிடும். காற்று அதிகமுள்ள இடத்தில் ஸ்விங் கேட்தான் வேண்டும் என்றால் கம்பி அடைப்போ இடைவெளி விட்ட பட்டைகளோ போடுங்கள். முழுத்தகடு வேண்டாம்.

எடையைக் கணக்குப் போடுங்கள்

"பார்த்தா ஒரு 200 கிலோ இருக்கும் சார்" என்று வெல்டர் சொல்வதை வைத்து மோட்டார் வாங்காதீர்கள். கணக்கு சுலபம். 2 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 15.7 கிலோ. 4 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம் என்றால் 7.2 சதுர மீட்டர், தகடு மட்டும் 113 கிலோ. 50-க்கு 50 அளவில் 3 மில்லிமீட்டர் சதுரக் குழாய் மீட்டருக்கு நாலே கால் கிலோ அளவில் வரும். சுற்றுச்சட்டமும் நடுவில் இரண்டு குத்துச்சட்டமும் சேர்ந்து சுமார் 15 மீட்டர், அது ஒரு 65 கிலோ. ஆக மொத்தம் 180 கிலோ, பூ வேலைப்பாடு செய்தால் இன்னும் கூடும். இந்த எடைக்கு 200 கிலோ என்று எழுதியிருக்கும் மோட்டாரை வாங்குவது தவறு. பெட்டியில் போட்டிருக்கும் எண் நல்ல மட்டமான டிராக்கில், புது பேரிங்கில் ஓடும் கேட்டுக்கானது. உங்கள் கேட் எடையைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை தாங்கும் மோட்டார் எடுங்கள். அதற்காக நான்கு மடங்குக்கும் போக வேண்டாம். பலம் கூடக் கூட, ஆள் குறுக்கே வந்தால் படும் அடியும் கூடும்.

மோட்டார் தேர்வு

ஸ்லைடிங் கேட்டுக்குக் குழப்பம் கிடையாது. தரையில் மோட்டார், அதில் ஒரு பல் சக்கரம், கேட்டின் மேல் பல் வைத்த ரேக். ஸ்விங் கேட்டுக்கு மூன்று வழி இருக்கிறது. நீண்டு சுருங்கும் நேர்க்கை மோட்டார் மெலிந்த தூணுக்குப் பொருந்தும், பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். தூண் தடிமனாக இருந்து கீல் வெளி விளிம்பில் இருந்தால் நேர்க்கைக்குக் கோணம் கிடைக்காது, அங்கே முழங்கை போல மடங்கும் கை வைத்த மோட்டார் வேண்டும். மூன்றாவது தரைக்கடியில் புதைப்பது. பார்வைக்கு ஒன்றுமே தெரியாது, அழகாக இருக்கும். ஆனால் அந்தக் குழியில் தேங்கும் நீர் வெளியேற ஒழுங்கான வடிகால் கட்ட முடியவில்லை என்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். தண்ணீரில் ஊறிய மோட்டார் நிலைக்காது.

24 வோல்ட் டிசியா, 230 வோல்ட் ஏசியா என்ற கேள்விக்கு என் பதில் வீட்டுக்கு 24 வோல்ட்தான். மின்சாரம் போனால் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வைத்தே ஓட்டலாம். மெதுவாகக் கிளம்பி, முடியும் இடத்தில் மெதுவாகி நிற்கும், கேட்டும் கீலும் அதிராது. எதிலாவது முட்டினால் மின்னோட்டம் ஏறுவதைப் போர்டு உடனே உணர்ந்து திரும்பும். ஏசி மோட்டார் முரட்டு வேலைக்கு நல்லது, ஆனால் சூடாகும். அதன் லேபிளில் 30 சதவீதம் என்று போட்டிருந்தால், பத்து நிமிடத்தில் மூன்று நிமிடம் ஓடி ஏழு நிமிடம் ஆற வேண்டும் என்று கணக்கு. ஒரு குடும்பத்துக்கு அது போதும், நாலு வீடு பொதுவாகப் பயன்படுத்தும் வாசலுக்குப் போதாது.

வாங்கும்போது இந்த மூன்றையும் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஒன்று, ரிமோட் ரோலிங் கோடா? நிலையான கோடு என்றால் ஒருமுறை பதிவு செய்தவர் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். ரோலிங் கோடில் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சிக்னல் மாறும். இரண்டு, ஐபி எண் (தூசியும் தண்ணீரும் உள்ளே புகாமல் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்) என்ன? திறந்த வெளியில் வெயிலிலும் மழையிலும் கிடக்கப்போகும் பொருள், ஐபி 44-க்குக் கீழே வேண்டாம், 54 இருந்தால் நல்லது. மூன்று, கையால் விடுவிக்கும் சாவி எங்கே இருக்கிறது? இது ரொம்ப முக்கியம். வீட்டுக்குள் போக இந்தக் கேட் ஒன்றுதான் வழி, விடுவிக்கும் சாவித்துளை உள்பக்கம் இருக்கிறது, மின்சாரமும் இல்லை, பேட்டரியும் தீர்ந்துவிட்டது என்றால் வெளியிலிருந்து வருபவர் என்ன செய்வார்? பக்கத்தில் ஆள் நுழையத் தனிச் சிறுகதவு வையுங்கள், இல்லையென்றால் வெளியிலிருந்து விடுவிக்கும் வசதியுள்ள மாடலை எடுங்கள்.

பாதுகாப்பு: இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டு தானியங்கி கேட்டில் சிக்கி இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். மோட்டார் பிய்த்துக்கொண்டு ஓடியதால் நடந்ததல்ல, குழந்தை நடுவில் இருப்பதைக் கேட் உணராமல் அழுத்திக்கொண்டே போனதால் நடந்தது. கேட்டுக்குக் கண் கிடையாது. நாம் வைத்துக் கொடுக்கும் சென்சார்தான் அதற்குக் கண்.

ஐரோப்பாவின் இஎன் 12453 தரவிதி, கேட் மூடும் இடுக்கில் ஆள் மாட்டினால் அடிக்கும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது, அதுவும் முக்கால் நொடிக்குள் 150-க்குக் கீழே இறங்கிவிட வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் யுஎல் 325, ஆள் சிக்கக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக இயங்கும் இரண்டு பாதுகாப்பு வேண்டும் என்கிறது. உங்கள் ஊரில் சட்டம் என்ன சொன்னாலும் சரி, இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டே வேலை வாங்குங்கள்.

போட்டோசெல் என்பது ஒரு தூணிலிருந்து எதிர்த்தூணுக்குப் போகும் கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு ஒளிக்கோடு. அந்தக் கோட்டை மறித்தால்தான் அதற்குத் தெரியும். கோட்டுக்குக் கீழே தவழும் குழந்தையும், மேலே நீட்டிய கையும் அதற்குத் தெரியாது. இடுப்பு உயரத்தில் மாட்டுவது வசதியாக இருக்கிறது என்று பலர் அப்படி மாட்டிவிட்டுப் போகிறார்கள், விடாதீர்கள். முழங்கால் உயரத்துக்கு மேலே போகக் கூடாது. ஸ்விங் கேட் என்றால் வெளியே ஒரு ஜோடி, கதவு சுழலும் உள்வட்டத்துக்கு ஒரு ஜோடி. மூடும் விளிம்பில் ரப்பர் சேஃப்டி எட்ஜும் சேர்த்துப் போட்டால், கோட்டில் தப்பியதை அது தொட்டுப் பிடித்துவிடும்.

ஸ்லைடிங் கேட்டில் எல்லோர் கவனமும் மூடும் பக்கத்திலேயே இருக்கும். திறக்கும்போது பின்முனை மதிலையோ தூணையோ நோக்கி ஓடுவதை யாரும் நினைப்பதில்லை. அங்கே நிற்கும் குழந்தை நசுங்கும். கம்பி கேட்டாக இருந்தால் கம்பிகளுக்கிடையே கையை விட்டபடி நிற்கும்போது கேட் நகர்ந்து, தூண் கத்திரி மாதிரி வேலை செய்யும். தூணை ஒட்டி ஓடும் பகுதி முழுக்க நெருக்கமான வலை அடித்துவிடுங்கள். ஸ்விங் கேட்டின் கீல் இடுக்கில் விரல் மாட்டும், அங்கே நெகிழும் ரப்பர் மறைப்பு போடலாம்.

கேட் விழுவது இன்னொரு ஆபத்து. ஸ்லைடிங் கேட்டின் இரு முனையிலும் தாண்டவே முடியாத ஸ்டாப்பர் இருக்க வேண்டும், மேலே கைடு ரோலர் கேட்டை இரு பக்கமும் பிடித்திருக்க வேண்டும். முனை வந்ததும் மோட்டாரை அணைக்கும் லிமிட் சுவிட்ச் இருக்கிறதே, தனியாக ஸ்டாப்பர் எதற்கு என்று கேட்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பிடியை விடுவித்துக் கையால் தள்ளும்போது லிமிட் சுவிட்ச் எதையும் நிறுத்தாது.

தரை வேலையும் வயரிங்கும்

தரையில் கல் பதிப்பதற்கு முன்பே கண்ட்யூட் பைப்பைப் புதைத்துவிட வேண்டும், பிறகு வெட்டினால் இரட்டைச் செலவு. இரண்டு தனித்தனிப் பைப்: 230 வோல்ட் ஒன்றில், சென்சார், பெல், ஆன்டெனா வயர்கள் மற்றொன்றில். ஒரே பைப்பில் திணித்தால் போட்டோசெல் காரணமில்லாமல் அவ்வப்போது உளறும். அரை மீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் புதையுங்கள். எதிர்த்தூணுக்கும் ஒரு பைப் குறுக்கே போக வேண்டும், அதற்குள் ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள், பின்னாளில் வயர் இழுக்க உதவும்.

வீட்டுப் போர்டிலிருந்து கேட்டுக்குத் தனி எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் அணைக்கும் சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் அணைக்கும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த், இடி மின்னலுக்கு சர்ஜ் பாதுகாப்பு. இந்த 230 வோல்ட் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

மோட்டார் நிற்கும் கான்கிரீட் மேடை தரைமட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று உங்களுக்குத்தான் தெரியும், அதற்கு மேலே ஒரு சாண் விட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஆங்கர் போல்ட்டை வார்க்கும்போதே நிறுத்திவிட்டு, ஒரு வாரமாவது நனைத்து இறுக விடுங்கள். கான்கிரீட் முழு பலத்துக்கு வர 28 நாள் ஆகும், மறுநாளே மோட்டாரை மாட்ட அவசரப்படுபவருக்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஸ்லைடிங் கேட்டில் பொருத்தும் வரிசை

முதலில் டிராக். ரசமட்டம் வைத்து முழு நீளமும் ஒரே மட்டம், நூல் பிடித்து ஒரே நேர்கோடு. அதற்கப்புறம் கேட்டை ஏற்றி, கைடு ரோலரும் இரு முனை ஸ்டாப்பரும் போட்டு, தராசுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். தேறினால் மட்டும் மோட்டார்.

மோட்டாரை மேடையில் மட்டமாக உட்கார வைத்து, பிடியை விடுவித்த நிலையில் கேட்டைக் கொண்டுவந்து, ரேக்கின் முதல் துண்டைப் பல் சக்கரத்தின் மேல் வைத்துக் குறியுங்கள். ரேக் ஒரு மீட்டர் துண்டுகளாக வரும். இரண்டு துண்டு சேரும் இடத்தில் பல்லுக்குப் பல் தூரம் மாறிவிட்டால், ஒவ்வொரு முறையும் கேட் அங்கே "டக்" என்று உதறும். இதற்கு ஒரு தொழில் நுணுக்கம் உண்டு. மீதித் துண்டு ஒன்றைத் தலைகீழாகப் பிடித்து, அதன் பற்கள் இரண்டு துண்டிலும் ஒருசேரக் கடிக்கும்படி கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, அதன் பிறகு ஸ்க்ரூ அடித்தால் இணைப்பே தெரியாது. எல்லாம் முடிந்ததும் ரேக்குக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவில் 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும். கேட்டின் எடை துளிகூடப் பல் சக்கரத்தின் மேல் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் மோட்டாரின் ஷாஃப்ட் பேரிங் போய்விடும்.

ரேக்கை வெல்டிங் செய்வதாக இருந்தால் கண்ட்ரோல் போர்டின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். வெல்டிங் மின்னோட்டம் வழி மாறி உள்ளே போனால் புதுப் போர்டு அங்கேயே கருகும்.

ஸ்விங் கேட்டில்

கதவு திறந்து நிற்கும் இடத்திலும் மூடி நிற்கும் இடத்திலும் தரையில் ஸ்டாப்பர் வையுங்கள். மோட்டாரின் கையையே ஸ்டாப்பராகப் பயன்படுத்தினால் காற்று தள்ளும் ஒவ்வொரு முறையும் அந்த அடியை கியர்தான் வாங்கும். அடுத்தது கோணம். கீலின் மையத்திலிருந்து தூண் பிராக்கெட் வரையுள்ள இரண்டு அளவுகளை மேனுவலில் அட்டவணையாகக் கொடுத்திருப்பார்கள், இந்த வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது. கண்ணளவில் பிராக்கெட் அடித்தால் கதவு பாதியில் நிற்கும், இல்லையென்றால் கடைசியில் வேகமெடுத்து மோதும். இரண்டு அளவும் ஏறக்குறைய சமமாக வரும்படி பார்த்துக்கொண்டால் ஓட்டம் சீராக இருக்கும். பிராக்கெட்டை முதலில் புள்ளி வெல்டு மட்டும் போட்டு, கையால் முழுவதும் திறந்து மூடிப் பார்த்த பிறகு முழு வெல்டிங். செங்கல் தூணில் நேரடியாக போல்ட் போடாதீர்கள், மறுபக்கம் வரை துளைத்து இரும்புத் தகடு கொடுத்து இறுக்குங்கள். ஒரு கதவு 2.5 மீட்டருக்கு மேல் நீளம் என்றால் மின்பூட்டும் சேர்த்துப் போடுங்கள், நீளமான கதவின் நுனியை ஆள் பிடித்து ஆட்டினால் மோட்டாரால் மட்டும் தாங்க முடியாது.

ஓட்டிப் பார்க்கும் நேரம்

கேட்டை நடுவில் வைத்து முதல் கட்டளை கொடுங்கள். எதிர்த்திசையில் ஓடினாலும் நிறுத்த அவகாசம் இருக்கும். லேர்ன் மோடில் அது தன் தூரத்தையும் தேவைப்படும் பலத்தையும் தானே படித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் குறுக்கே போகாதீர்கள், காற்று பலமாக அடிக்கும் நாளிலும் செய்யாதீர்கள். பலத்தை எவ்வளவு குறைத்தால் கேட் ஓடுமோ அவ்வளவு குறைத்து வையுங்கள். "பாதியில் நின்னுடுது சார்" என்று பலத்தைக் கூட்டிவிட்டுப் போவது சோம்பேறி வைத்தியம், பாதியில் நின்றால் தராசை எடுத்துக்கொண்டு கேட்டைப் பாருங்கள்.

பிறகு ஒரு தடிமனான மரக்கட்டையைக் கேட் மூடும் வழியில் வைத்து ஓட்டுங்கள். கையையோ காலையோ வைத்துச் சோதிக்கவே கூடாது. கட்டையில் பட்டதும் நின்று, திரும்பிப் போக வேண்டும். திறக்கும் திசையிலும் இதையே செய்யுங்கள். விசையை அளக்கும் கருவியோடு வருபவர் கிடைத்தால் இன்னும் நல்லது. தானாக மூடும் வசதியை, போட்டோசெல்லை மறித்துப் பார்த்து அது வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே போடுங்கள்.

பராமரிப்பு

கீலுக்கு கிரீஸ் வையுங்கள், ரேக்குக்கும் டிராக்குக்கும் வைக்காதீர்கள். கிரீஸில் மண் ஒட்டி அது உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்க்கும். டிராக்கை வாரம் ஒருமுறை பெருக்கினால் போதும். போட்டோசெல் கண்ணாடியில் சிலந்தி வலை கட்டும், கேட் திறந்தே நின்றுகொண்டு மூட மறுத்தால் முதலில் அங்கேதான் துடைத்துப் பாருங்கள். கண்ட்ரோல் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் கதகதப்புக்காகக் குடியேறும், ரிலேயில் மாட்டி ஷார்ட் ஆக்கும். வயர் நுழையும் ஒவ்வொரு துளையையும் சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டால் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இருக்காது. மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரியில் இரண்டு மூன்று முறை திறந்து மூடிப் பாருங்கள், இழுவை தளர்ந்தால் பேட்டரி மாற்றும் நேரம் வந்துவிட்டது. மரக்கட்டைச் சோதனையும் கை விடுவிப்பும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. வீட்டில் இருக்கும் எல்லோருக்கும், வயதானவர்களுக்கும் சேர்த்து, அந்தச் சாவியைத் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை முடிந்து கடைசிப் பணம் கொடுப்பதற்கு முன் பொருத்தியவரிடமிருந்து வாங்க வேண்டியவை: விடுவிக்கும் சாவி இரண்டு, மேனுவல், எந்த வயர் எங்கே போகிறது என்று கையால் வரைந்த படம், போர்டில் வைத்த செட்டிங் எண்கள், பாஸ்வேர்டு இருந்தால் அது. வேலைக்கு வந்தவர்கள் சோதிக்கப் பதிவு செய்த ரிமோட்டுகளை உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லிவிட்டு, உங்கள் ரிமோட்டுகளை மட்டும் புதிதாகப் பதிவு செய்யுங்கள். எப்போதாவது ஒரு ரிமோட் தொலைந்தாலும் அன்றைக்கே இதையே செய்துவிடுங்கள்.